குலுக்கலில் வந்த நீதிபதி

சீருடை அணிந்த ஒருவர் வந்து மணியை அடித்தபோது அனிற்றா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். கதவைத் திறந்தவர் அவளுடைய கணவர் யாக்கோபு. உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை முடித்து வந்து நித்திரையாய்க் கிடந்தவர், சீருடையைக் கண்டதும் பெர்மெஸ்ஸோவைத்தான் நினைத்தார். அந்த வதிவிட அனுமதிக்காக வரிசையில் நின்ற காலம் முடிந்து, குடும்பம் முழுவதும் இத்தாலியக் குடியுரிமை பெற்று ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அந்தப் பயம் உடம்பை விட்டுப் போகவில்லை.

வந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். யாக்கோபு உடனே மனைவிக்குப் போன் எடுத்தார்.

"உன்ரை பேருக்குக் கோட்டிலையிருந்து கடிதம் வந்திருக்கு. என்ன செய்தனி?"

"நான் என்னத்தைச் செய்தன்? வாசியுங்கோ பாப்பம்."

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஜூதிச்சே பொப்பொலாரே எண்டு கிடக்கு."

மறுமுனையில் அனிற்றா சிரித்தாள். "அப்ப என்ரை பேர் விழுந்திட்டுது."

யாக்கோபுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்து சொன்னபிறகுதான் விளங்கியது. கொலை போன்ற பெரிய குற்றங்களை இத்தாலியில் அஸ்ஸீசே என்ற நீதிமன்றம் விசாரிக்கும். அங்கே எட்டுப் பேர் இருந்து தீர்ப்புச் சொல்வார்கள். இரண்டு பேர் சட்டம் படித்த நீதிபதிகள். மற்ற ஆறு பேரும் ஊர்ச் சனம்; ஜூதிச்சே பொப்பொலாரே, அதாவது மக்கள் நீதிபதி, என்பது அவர்களைத்தான். முப்பது வயதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்ட, நடுநிலைப் பள்ளிச் சான்றிதழ் உள்ள எந்தக் குடிமகனும் குடிமகளும் அந்த ஆறு பேரில் ஒருவராகலாம். பெயர்களைக் குலுக்கி எடுப்பார்கள். மகள் மொனிகாவுக்கு அடையாள அட்டை எடுக்கக் கொமூனே என்ற நகரசபை அலுவலகத்துக்குப் போன ஒருநாள், சுவரில் அந்த அறிவித்தலைக் கண்டு அனிற்றா தானாகவே பெயரைப் பதிந்துவிட்டு வந்திருந்தாள். பிறகு அதை மறந்தும் போனாள்.

"ஆரைக் கேட்டுப் பதிஞ்சனி?" என்றார் யாக்கோபு.

"கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?"

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

அனிற்றா மன்னாரில் பேசாலையைச் சேர்ந்தவள். இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து இருபத்துநாலு வருடங்கள். சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. லிபெர்த்தா பகுதியில் சிஞ்ஞோரா ஜுலியானா என்ற வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலைக்குப் போய்க்கொண்டே, பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் படித்து நடுநிலைச் சான்றிதழ் எடுத்தவள். தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் நின்று கதைக்கும்போது, அவள் கதைப்பது குறைவு. கதைத்தால் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அவளை அப்படித்தான் தெரியும். இங்கே எழுதுவதெல்லாம் அவள் சொன்னது. அவள் சொல்லாததை நான் எழுதவில்லை. அவள் சொல்லாத பகுதியும் ஒன்று உண்டு.

அவள் ஏன் பெயரைப் பதிந்தாள் என்பதற்குக் காரணம் அவளுடைய தம்பி றொஜர். அவளுக்குப் பத்தொன்பது வயதாயிருந்தபோது ஊரில் றொஜரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தவணைக்கும் தாயும் அவளும் பஸ் ஏறிப்போய் நீதிமன்ற வாசலில் வெயிலில் நின்றார்கள். உள்ளே நடந்தது வேறு பாஷையில் நடந்தது. மொழிபெயர்ப்பவர் வரவில்லை என்று பல தவணைகள் தள்ளிப்போயின. யார் அந்த நீதிபதி, அவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார், தம்பி சொல்வது அவருக்குக் கேட்கிறதா என்று அவளுக்கு ஒருபோதும் தெரியவரவில்லை. நாலு வருடம் கழித்து, குற்றமில்லை என்றும் சொல்லாமல், குற்றம் என்றும் சொல்லாமல் அவனை விட்டார்கள்.

கடிதம் வந்த செய்தியை அனிற்றா போனில் சொன்னதும் றொஜர் கேட்டான்.

"அக்கா, அப்ப நீங்கள் மேசைக்கு அங்காலைப் பக்கம் இருக்கப் போறியளோ?"

"ஓம்."

"அப்ப ஒண்டு மட்டும் செய்யுங்கோ. அந்த ஆள் கதைக்கேக்கை அவன்ரை முகத்தைப் பாருங்கோ. என்னை ஒருத்தரும் பாக்கேல்லை."

சிஞ்ஞோரா ஜுலியானா இந்தச் செய்தியை நல்லபடியாக எடுக்கவில்லை. "எனக்குச் சாப்பாடு யார் தருவது?" என்று கேட்டார். அவருடைய மகன் ஓர் அவ்வொக்காத்தோ, வழக்கறிஞர். சொத்து, வாடகை வழக்குகள் பார்ப்பவர். தாய்க்கு உதவுவதாக நினைத்து, அவர் அனிற்றாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இதிலிருந்து விலகுவது சுலபம், அனிற்றா. ஒரு மருத்துவச் சான்றிதழ் போதும். நான் ஒழுங்கு செய்கிறேன். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்."

"எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே, அவ்வொக்காத்தோ."

"கொலை வழக்கு. மாதக்கணக்கில் இழுக்கும். உனக்கு ஏன் இந்தத் தலையிடி?"

"எனக்குப் போக விருப்பம்" என்றாள் அனிற்றா. "வேலை தருபவர் விடவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். நான் இல்லாத நாட்களில் என் சிநேகிதி சறோஜா வருவாள். அவள் என்னைவிட நன்றாகச் சமைப்பாள்."

அந்தக் கடைசி வசனம்தான் சிஞ்ஞோராவைச் சமாதானப்படுத்தியது.

முதல்நாள் நீதிமன்ற மாளிகையின் பெரிய தூண்களுக்குக் கீழே நின்று, எந்த அறைக்குப் போவது என்று அனிற்றா ஒரு பணியாளரிடம் விசாரித்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மொழிபெயர்ப்பாளரா? இன்றைக்குத் தமிழ்க் குற்றவாளி யாரும் இல்லையே."

"இல்லை. தமிழ் நீதிபதிதான் இருக்கிறாள்" என்று சொல்லி அவள் அழைப்பைக் காட்டினாள். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, அறை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். வழக்கு முடியும்வரை அவளைக் கண்டால் எழுந்து நிற்பார்.

ஆறு பேரில் ஒருவர் பஸ் சாரதி, ஒருவர் மருந்துக் கடைக்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியை. பிரெசிதெந்தே என்று கூப்பிடப்படும் தலைமை நீதிபதி தொத்தொரெஸ்ஸா சூத்தேரா, நரைத்த குட்டை முடியும் தடித்த கண்ணாடியுமாய் ஒரு பெண்மணி. அவர் அவர்களை ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, முதலில் சொன்னது இதுதான்: "இங்கே எட்டு வாக்குகள். என்னுடையது ஒன்று. உங்களுடையதும் ஆளுக்கு ஒன்று. என்னுடையது பெரிதல்ல."

பிறகு வாக்களிக்கும் முறையைச் சொன்னார். ஊர்ச் சனத்தில் வயதில் குறைந்தவர் முதலில் சொல்லவேண்டும். பிறகு ஒவ்வொருவராய் வயதுப்படி. அதன்பின் மற்ற நீதிபதி. தலைமை நீதிபதி கடைசி. நாலுக்கு நாலு என்று வந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதுதான் தீர்ப்பு.

அனிற்றாவுக்கு இது பிடித்துப்போனது. அவள் பார்த்த இடமெல்லாம் பெரியவர் முதலில் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இங்கே பெரியவர் கடைசிவரை வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும்.

இடைவேளையில் கோப்பிக் கோப்பையோடு நின்ற தலைமை நீதிபதியிடம் அவள் நேரே கேட்டாள். "எங்களைக் குலுக்கி எடுத்தார்கள். உங்களை யார் தெரிவு செய்தது?"

"யாரும் இல்லை. பரீட்சை எழுதினேன். முதல்தரம் தவறிவிட்டது, இரண்டாம் தரம் கிடைத்தது." அவர் சிரித்தார். "எனக்கு எந்த மந்திரியும் வேலை தரவில்லை, எந்தச் சனமும் வாக்குப் போடவில்லை. இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் நீதித்துறைக்கென்று இருக்கும் சபை தீர்மானிக்கும். எழுபது வயதில் வீட்டுக்குப் போகவேண்டும். அதுவரை என்னை யாரும் சும்மா தூக்க முடியாது."

"எங்களுக்கு?"

"உங்களுக்கு மூன்று மாதம். ஆனால் தொடங்கிய வழக்கை முடிக்காமல் போக முடியாது."

சத்தியம் செய்யும் நேரம் வந்தது. வெறுப்பையும் ஆதரவையும் மனதிலிருந்து தூர வைத்திருப்பேன், இரகசியத்தைக் காப்பேன் என்ற வாசகத்தைத் தலைமை நீதிபதி படித்தார். ஒவ்வொருவராக எழுந்து "ஜூரோ", சத்தியம் செய்கிறேன், என்றார்கள். அனிற்றாவின் குரல் மற்றவர்களுடையதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காகப் பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டி போட்டுவிட்டார்கள். அன்று இரவு மொனிகா கேட்டாள், "மா தவ்வேரோ, உண்மையாவோ அம்மா? மேயர்மார் போடுற மாதிரிப் பட்டியோ? ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே!"

"அது படம் எடுக்கிறதுக்குப் போடுற சாமான் இல்லை" என்றாள் தாய்.

வழக்கு இப்படி. ரோசாரியோ என்ற இருபத்துநாலு வயதுப் பெடியன் ஒரு ஸ்கூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்தவன். முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஒரு கிழமை கழித்து அவன் கடைக்குப் போனான். அங்கே முதலாளி கத்திக்குத்துப்பட்டு இறந்தார். கொல்லவென்றே திட்டமிட்டுப் போனான் என்றது அரச தரப்பு. அப்படியென்றால் ஆயுள் தண்டனை. தன்னுடைய வேலைக் கருவிகளை எடுக்கப் போனதாகவும் அடிபிடியில் அப்படி நடந்துவிட்டதாகவும் சொன்னான் அவன். மண்டபத்தின் ஒரு பக்கம் இறந்தவரின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். மறுபக்கம் ரோசாரியோவின் தாய், கையில் செபமாலையோடு.

றொஜர் சொன்னதை அனிற்றா செய்தாள். ரோசாரியோ கதைத்தபோது அவனுடைய முகத்தைப் பார்த்தாள். இறந்தவரின் மகள் கதைத்தபோது அவளுடைய முகத்தையும் அதேபோலப் பார்த்தாள். விளங்காத சட்டச் சொற்கள் வந்தால் நீதிபதிகளின் தனி அறையில் கையை உயர்த்திக் கேட்டாள். மூன்றாம்தரம் அவள் கையை உயர்த்தியபோது, மருந்துக் கடைக்காரர், "கேளுங்கள், கேளுங்கள், எனக்கும் விளங்கவில்லை" என்றார்.

வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை இடத்திலும்தான். சிஞ்ஞோரா ஜுலியானா இப்போது சிநேகிதிகளுக்குப் போன் எடுத்து, "என்னுடைய அனிற்றா நீதிபதி" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். வேலைக்குப் போகும் நாட்களில் அவளைப் பிடித்து வைத்துக் கேட்பார்.

"சொல்லு, அந்தப் பையன்தான் செய்தானா?"

"உங்கள் குளிசை, சிஞ்ஞோரா. தண்ணீரோடு விழுங்குங்கள்."

இரண்டாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சீசாவில் பாண் வாங்க நின்றபோது, யாரோ அவளுடைய கையைத் தொட்டார்கள். திரும்பினால் ரோசாரியோவின் தாய். அந்த மனுஷி மிரட்டவில்லை, சத்தம் போடவில்லை. அழுதாள்.

"நீயும் பிள்ளை பெற்றவள். அவன் கெட்டவன் இல்லை. உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, உனக்கு இரக்கம் உண்டு."

சொல்லிவிட்டு, துணியில் சுற்றிய, இன்னும் சூடாறாத ஒரு பொதியை அவளுடைய கைக்குள் திணித்தாள். வீட்டில் சுட்ட சாப்பாடு. அனிற்றா அதைத் திருப்பி அந்தக் கைகளுக்குள்ளேயே வைத்தாள். "சிஞ்ஞோரா, நீங்கள் என்னோடு கதைக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாண் வாங்காமலே நடந்தாள்.

வீட்டில் யாக்கோபுவிடம் அந்தச் சந்திப்பை மட்டும் சொல்லவேண்டியிருந்தது. அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நீ இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. சொன்னால் அந்த மனிசிக்கும் பிரச்சினை, எங்களுக்கும் பிரச்சினை. நாங்கள் இந்தத் தெருவிலைதான் இருக்க வேணும்."

"அதுக்கு?"

"அதுக்கு, பேசாமல் இரு எண்டுறன். ஒண்டும் நடக்கேல்லைத்தானே? நீ ஒண்டும் வாங்கேல்லை."

ஞாயிற்றுக்கிழமை பூசை முழுவதும் அவளுக்கு மனம் பூசையில் நிற்கவில்லை. சொன்னால், ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் ஒரு தாய்மீது இன்னொரு சுமை. சொல்லாவிட்டால், அந்தத் தாய்க்கும் தனக்கும் இடையில் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கும். மண்டபத்தின் மறுபக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அது தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதே ஒரு பக்கம் சாய்வதுதான் என்று அவளுக்குப் பட்டது. பூசை முடிந்து வெளியே வந்தபோது அவள் யாக்கோபுவிடம், "நாளைக்கு நான் சொல்லப் போறன்" என்றாள். வீட்டு வாசலில் வைத்து அவர், "உனக்குச் சரியெண்டு பட்டால் சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை தலைமை நீதிபதி அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"மிரட்டினாளா?"

"இல்லை. அழுதாள்."

"இனி நீங்கள் அந்தப் பையனை முன்புபோலப் பார்க்க முடியுமா? முடியாவிட்டால் வெட்கம் இல்லை. உங்களுக்குப் பதிலாக இருக்க ஓர் ஆள் தயாராக இருக்கிறார்."

"முடியும்" என்றாள் அனிற்றா. "அந்த அம்மாவின் கண்ணீர் எனக்குத் தெரியும். என் அம்மாவும் ஒரு நீதிமன்ற வாசலில் அப்படித்தான் நின்றார். அதனால் நான் பயப்படவில்லை. அந்தக் கண்ணீரை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு வழக்கைப் பார்க்க என்னால் முடியும்."

தலைமை நீதிபதி அதை அறைக்குள்ளே முடிக்கவில்லை. மண்டபத்தில், இரண்டு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்க அனிற்றாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அந்த மண்டபத்தில் சத்தியத்துக்குப் பிறகு அவள் வாய்திறந்து பேசியது அதுதான் முதல்தரம்.

"என்னால் சமநிலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியும், பிரெசிதெந்தே."

அரச வழக்கறிஞர் ஆட்சேபம் இல்லை என்றார். ரோசாரியோவின் வழக்கறிஞரும் எழுந்து ஆட்சேபம் இல்லை என்றார். தாயைத் தலைமை நீதிபதி முன்னால் கூப்பிட்டு, இன்னொருதரம் இப்படி நடந்தால் வழக்குப் பாயும் என்று கண்டிப்பாக, ஆனால் சத்தம் உயர்த்தாமல் சொன்னார். அந்த மனுஷி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ரோசாரியோ அனிற்றாவைப் பார்த்தான். அவளும் பார்வையை விலக்கவில்லை.

கடைசி நாள் காலையில் எட்டுப் பேரும் தீர்மானிக்கும் அறைக்குள் போனார்கள். போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே வந்தார்கள். உள்ளே என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அனிற்றாவின் வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் நான் எழுத முடியாத பகுதி. அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தவள்.

மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "இத்தாலிய மக்களின் பெயரால்" என்று தலைமை நீதிபதி தொடங்கினார். அந்த மக்களில் தானும் ஒருத்தி என்று கடவுச்சீட்டு வாங்கிய நாளில்கூட அனிற்றாவுக்குத் தோன்றவில்லையாம். அன்றைக்கு, பட்டியோடு நின்று அதைக் கேட்டபோது தோன்றியது. ரோசாரியோ கொலை செய்தது நிரூபணம். திட்டமிட்டுச் செய்தது நிரூபணமாகவில்லை. பதினாறு வருடச் சிறை.

இரண்டு பக்கமும் அழுதது. இறந்தவரின் மனைவிக்கு அது போதவில்லை. ரோசாரியோவின் தாய்க்கு அது தாங்கமுடியாதது. அனிற்றா இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் நகரும்வரை நேராக நின்றாள்.

வீட்டில் யாக்கோபு சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் இருந்தார்.

"நீ என்ன சொன்னனி?"

"சொல்லேலாது."

"எனக்குமோ?"

"உங்களுக்கும்தான்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் மீன்துண்டு ஒன்றை எடுத்து அவளுடைய சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டு, "சரி, சாப்பிடு" என்றார்.

பிறகும் அவர்கள் சீசாவிலேயே இருக்கிறார்கள். அனிற்றா பாதையை மாற்றவில்லை, கடையை மாற்றவில்லை. ஒரு மாதம் கழித்து ரோசாரியோவின் தாய் எதிரே வந்தாள். அந்த மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அனிற்றா "போன்ஜோர்னோ" என்று வணக்கம் சொன்னாள். அடுத்தமுறையும் சொன்னாள். இப்போது அந்த மனுஷி தலையை மட்டும் அசைப்பதுண்டு, எல்லா நாளும் இல்லை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய், அங்கே வேறு எட்டுப் பேர் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துப் பதினாறு வருடத்தை உறுதிசெய்தார்கள். சரியாகத்தான் செய்தோமா என்ற கேள்வி அதற்கு முதல் அவளுக்கு வரவில்லையா என்று நான் கேட்டேன்.

"வராமல் என்ன? வந்தது. ஆனால் நான் நித்திரை கொண்டனான்" என்றாள். "எல்லாத்தையும் கேட்டனான், எல்லாத்தையும் பாத்தனான். அதுக்கு மேலை ஒரு மனுசராலை என்ன செய்யேலும்?"

கோயிலில் குடியுரிமை எடுத்த பெண்கள் சிலர் அவளிடம் வந்து, பெயர் பதிவது எப்படி என்று கேட்டுக்கொண்டு போனார்கள். சறோஜா அவர்களில் ஒருத்தி. "எனக்குப் பயமாக் கிடக்கு, அக்கா" என்றாள். "பயத்தோடை பதி" என்றாள் அனிற்றா.

மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் ஆறு பேர் ஊர்ச் சனம்தான். ஆனால் அங்கே இருக்க உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். அது அனிற்றாவிடம் இல்லை. அதை எடுக்கக் கடந்த செப்ரெம்பரில் மாலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வகுப்புள்ள நாட்களில் யாக்கோபு வேலைக்குப் போகுமுன் சமைத்து வைக்கிறார். மொனிகா கேட்டாள், "அம்மா, பள்ளிக்கூடம் முடியேக்கை உங்களுக்கு ஐம்பது தாண்டியிருக்குமே?"

"அறுபத்தைஞ்சு மட்டும் பேர் குலுக்குவினம்" என்று சொல்லிக்கொண்டே அனிற்றா சப்பாத்தைப் போட்டாள். "நீ அந்தக் கணக்குப் பாடத்தை எனக்கு நாளைக்குச் சொல்லித் தா. இப்ப பஸ் வந்திடும்."